இலையுதிர்கால புயல் வருதுன்னா மொதல்ல மரத்தைப் பாருங்க

வடமேற்கு ஐரோப்பால இருக்கறவங்களுக்காக எழுதறேன். அக்டோபர் கடைசில அட்லாண்டிக் பக்கமிருந்து பெரிய காத்து வரும்போது எல்லாரும் வீட்டுக்கூரையப் பத்தியே கவலைப்படறாங்க, ஆனா உயிர் போறது பெரும்பாலும் மரத்தால. 2013 அக்டோபர் 28 புயலே அதுக்கு சாட்சி, காலைல தெற்கு இங்கிலாந்து, அப்புறம் நெதர்லாந்து, ஜெர்மனி, சாயங்காலம் டென்மார்க்னு ஒரே நாள்ல அடிச்சுட்டுப் போச்சு, டென்மார்க்ல காத்து செகண்டுக்கு 53.5 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டருக்கும் மேல. இங்கிலாந்தோட கென்ட் பகுதில கேரவன்ல தூங்கிட்டிருந்த ஒரு பொண்ணு, ஆம்ஸ்டர்டாம்ல கால்வாய் ஓரமா இருந்த ஒரு அம்மா, ரெண்டு பேருமே மரம் விழுந்துதான் போனாங்க. அந்த சமயத்துல இலை இன்னும் முழுசா கொட்டியிருக்காது, அதனால மரம் கப்பல் பாய் மாதிரி காத்தை வாங்கும், மண்ணும் மழைல ஊறியிருந்தா வேரோட சாஞ்சிடும்.

அதனால முந்தின நாளே சுத்தி ஒரு ரவுண்டு போய் பாருங்க. வீட்டை ஒட்டி பெரிய மரம் இருந்தா அன்னிக்கு ராத்திரி மரத்துக்கு மறுபக்கம் இருக்கற ரூம்ல, முடிஞ்சா கீழ்த்தளத்துல படுங்க, கேரவன்ல இருக்கறவங்க தயவுசெஞ்சு கட்டடத்துக்குள்ள வந்துடுங்க. காரை மரத்தடில விடாதீங்க. பால்கனி சேர், பூந்தொட்டி, தோட்டத்து டிராம்போலின் எல்லாத்தையும் உள்ள எடுங்க, இல்ல கட்டிப் போடுங்க.

புயலோட பேரை வெச்சு தேடாதீங்க. 2013ல பிரிட்டன்ல செயின்ட் ஜூட், ஜெர்மனில கிறிஸ்டியான், டென்மார்க்ல ஆலன், ஸ்வீடன்ல சிமோன்னு ஒரே புயலுக்கு நாலு பேரு. உங்க நாட்டு வானிலை மையம் போடற எச்சரிக்கைக் கலரைப் பாருங்க, சிவப்புன்னா வெளிய போகவே வேணாம், லீவு கேக்கறதா இருந்தா முந்தின நாளே கேட்டுடுங்க, அன்னிக்கு ரயிலை நம்பி ஸ்டேஷனுக்குப் போனா நடுவழில மாட்டிப்பீங்க.

போன், பவர்பேங்க் சார்ஜ் போட்டு வெச்சுக்கங்க. 2013ல பிரிட்டன்ல மட்டும் 6 லட்சம் வீடுகளுக்கு கரண்ட் போச்சு. மெழுகுவர்த்தி வேணாம், டார்ச் போதும். குளிருதுன்னு பார்பெக்யூ அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ள பத்த வெச்சுடாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே ஆளைக் கொன்னுடும்.

நிறைய பேர் ஏமாந்து போறது எங்கன்னா, மழை நின்னு வானம் வெளுத்ததும் முடிஞ்சிடுச்சுன்னு நாயைக் கூட்டிட்டு பார்க்குக்குப் போயிடறாங்க. பல புயல்ல பெரிய காத்தே அதுக்கப்புறம்தான் வரும். எச்சரிக்கை நேரம் முடியறவரைக்கும் உள்ளயே இருங்க. மறுநாளும் பார்க், காட்டுப்பாதை பக்கம் போகாதீங்க, முறிஞ்சு மேலயே தொங்கிட்டிருக்கற கிளை எப்ப வேணா விழும். அறுந்த கரண்ட் கம்பி கிட்டயே போகாதீங்க, பிரிட்டன்னா 105க்கு அடிச்சு சொல்லுங்க, உயிருக்கு ஆபத்துன்னா 112, அது பிரிட்டன்லயும் ஐரோப்பிய யூனியன் நாடுகள்லயும் வேலை செய்யும்.