சின்ன மின்வெட்டில் மட்டும் எழும்பாத சர்வர்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் அலுவலக உபுண்டு சர்வர், கரண்ட் போனால் யூபிஎஸ் பட்டரியில் ஓடி, ஐந்து நிமிடத்தில் தானாக அணையும். கரண்ட் வந்தால்? இரண்டு மணித்தியாலம் போயிருந்தால் எழும்பும், கால் மணித்தியாலம் என்றால் எழும்பவே எழும்பாது.

பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) மின்சாரம் திரும்பியதும் 'பவர் ஆன்' என்று வைத்தேன், யூபிஎஸ் பட்டரியையும் மாற்றினேன் (வீண் செலவு). நாலு நாள் போனது.

பிறகு ஒருநாள் யூபிஎஸ்ஸின் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சர்வர் அணைந்துவிட்டது, ஆனால் அதே யூபிஎஸ்ஸில் இருந்த ரவுட்டர் பச்சையாக மினுங்கிக்கொண்டே இருந்தது! அதாவது யூபிஎஸ் மின்சாரத்தை நிறுத்தவே இல்லை. பட்டரி தீர முன் கரண்ட் வந்தால் மதர்போர்டுக்கு மின்சாரம் போய் வந்ததே தெரியாது, பிறகு எப்படி எழும்பும்.

பிழை என்னுடையதுதான். யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் 'நட்' மென்பொருளுக்கு நான் எழுதிய ஸ்கிரிப்டில் நேரடியாக 'ஷட்டவுன்' கட்டளை இருந்தது. அப்படி அணைத்தால், யூபிஎஸ்ஸையும் நிறுத்த வேண்டும் என்று குறிக்கும் 'கில்பவர்' கோப்பு உருவாகாது, அது இல்லாமல் யூபிஎஸ்ஸுக்கு நிறுத்தச் சொல்லும் கட்டளையும் போகாது. அந்த வரியை எடுத்துவிட்டு, நட்டின் சொந்த அணைப்புக் கட்டளையான 'அப்ஸ்மொன் -சி எஃப்எஸ்டி' என்று போட்டேன். சர்வர் அணைந்து 20 செக்கனில் ரவுட்டரும் அணைந்தது, பிளக்கைச் செருகியதும் இரண்டும் எழும்பின. நட்டில் ஓன்டிலே (யூபிஎஸ் மீண்டும் மின்சாரம் தர எடுக்கும் நேரம்) அளவு ஓஃப்டிலேயை (நிறுத்த எடுக்கும் நேரம்) விடக் கூடுதலாக இருக்க வேண்டும், என்னுடையதில் ஓஃப்டிலே 20 செக்கன், ஓன்டிலே 60.