பழைய மர அலமாரிக்கு எனாமல் பூசும் முறை

மதுரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பொங்கலுக்குப் பொங்கல் எனாமல் பூசிப் பூசியே தடித்துப்போன மர அலமாரி ஒன்றாவது இருக்கும். அதற்கு மறுபடியும் வண்ணம் அடிக்கும் முன் உள்ளே இருப்பது என்ன மரம் என்று பார்த்துவிட வேண்டும். பின்பக்க மூலையில் ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டிப் பாருங்கள். தேக்கோ ஈட்டியோ தெரிந்தால் எனாமல் எண்ணத்தை விட்டுவிட்டுப் பாலிஷ் போடும் ஆசாரியைக் கூப்பிடுவதே மரியாதை. காரைக்குடிப் பக்கமிருந்து கல்யாணச் சீராக வந்த சாமான் என்றால் பர்மாத் தேக்காகவே இருக்கலாம். வேம்பு, மா போன்ற மரங்களுக்கு எனாமல் பொருந்தும்.

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய பூச்சு எதிலும் ஈயம் இருக்கும் என்றே கொண்டு, உலர்ந்த நிலையில் தேய்க்காமலும் நெருப்பு காட்டி உரிக்காமலும், ஈரம் தொட்ட வாட்டர் பேப்பரால் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, அந்தக் கசடைத் துணியில் ஒற்றியெடுத்துப் பையில் கட்டிவிட வேண்டும். முகக்கவசம் அவசியம், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. பூச்சு முழுவதையும் உரிக்கத் தேவையில்லை. பொரிந்து நிற்பதைச் சுரண்டிவிட்டு, மற்ற இடங்களில் பளபளப்பு மங்கும் வரை தேய்த்தால் புதிய பூச்சு பிடித்துக்கொள்ளும்.

தேய்ப்பதற்கு முன்பே கழுவல் முடிந்திருக்க வேண்டும். அடுப்படியில் நின்ற அலமாரி என்றால் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறியிருக்கும். அதன்மேல் உப்புத்தாளைப் போட்டால் பிசுக்கைத்தான் பரப்புவோம். வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் மறுபடி துடைத்து, ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். கீல்களையும் கைப்பிடிகளையும் கழற்றிவிடுங்கள். கீல் தகட்டுக்கு அடியில் வெயிலும் கையும் படாத பழைய நிறம் அப்படியே இருக்கும். எங்கள் அலமாரியில் மேலே சாம்பல் நிறம், கீலுக்கு அடியில் வெளிறிய பச்சை. அந்தச் சில்லைப் பெயர்த்து, நிறம் கலக்கும் இயந்திரம் உள்ள கடையில் காட்டினால் ஏறக்குறைய அதே பச்சை கிடைத்துவிடும்.

ஆணி ஓட்டைகளுக்கும் விரிசல்களுக்கும் மக்கு வைக்க வேண்டும். சாக் பவுடரை ஆளி எண்ணெயில் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, காய்ந்தால் அமுங்கும் என்பதால் சற்று மேடாகவே அப்பி, நன்றாக இறுகியபின் 120, அடுத்து 220 எண் தாளால் சமன் செய்யுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், விரித்துக் காயப்போடுவது முக்கியம். பிறகு மரத்துக்கான பிரைமர் என்ற அடிப்பூச்சு ஒரு கை, அதாவது ஒரு முறை.

ஆறடி அலமாரியின் வெளிப்பக்கத்துக்கும் கதவுகளின் உட்பக்கத்துக்கும் இரண்டு கை அடிக்க ஒரு லிட்டர் எனாமல் ஏறத்தாழப் போதும். டப்பாவைக் குலுக்காமல் குச்சியால் கலக்கி, ஆடை படிந்திருந்தால் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கெட்டியாக இருந்தால் மட்டும் சிறிது டர்பன்டைன் சேருங்கள். பிரஷின் மூன்றில் ஒரு பங்கு நனைந்தால் போதும். முதலில் குறுக்கே பரப்பி, கடைசியில் மரத்தின் ரேகைப் போக்கில் மெல்ல இழுத்துவிடுங்கள். ஒருமுறை சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்து ஒரு நாற்காலிக்குக் கெட்டியாக அடித்தேன். மேற்பரப்பு உடனே காய்ந்து, அடியில் ஈரம் நின்று, மாலைக்குள் பால் ஆடை போலச் சுருங்கிவிட்டது. காற்றோட்டமுள்ள நிழலில், மெல்லிய பூச்சாக அடிப்பதே சரி. அருகில் அடுப்பு எரியக் கூடாது.

ஓர் இரவு விட்டு, 320 எண் தாளால் இலேசாகத் தடவித் தூசு துடைத்தபின் இரண்டாம் கை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கூடுதலாக ஒரு நாள் பொறுக்க வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்று கதவைச் சாத்திவிடாதீர்கள்; விளிம்போடு விளிம்பு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பூச்சு பிய்ந்து வரும். ஒரு வாரம் திறந்தே கிடக்கட்டும். சேலை துணிமணிகளை அதற்குப் பிறகு அடுக்கலாம்.