உடம்பு சரியில்லாத நாளில் லீவு சொல்வது எப்படி? ஓசூர் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு

போன ஐப்பசி மழையில் எனக்கு டைபாய்டு வந்தது. வீடு காவேரிப்பட்டினம், வேலை ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில். ராத்திரி பதினொரு மணிக்குக் காய்ச்சல் ஏறியதும் எங்கள் லைன் லீடருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். சொல்லியாச்சு என்றுதான் நினைத்தேன். அவருக்கு மறுநாள் வார விடுமுறை என்பது எனக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் ‘தகவல் இன்றிப் பணிக்கு வராமை’ என்று மெமோ வந்தது. அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போனது. அதைவிடப் பெரிய பணமும் கையை விட்டுப் போனது, அதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கப்புறம் இரண்டு முறை உடம்பு படுத்தியது. இரண்டு முறையும் ஒரு சத்தம் இல்லாமல் லீவு முடிந்தது. என்ன மாற்றிச் செய்தேனோ அதை அப்படியே எழுதுகிறேன். பாலக்கோட்டிலிருந்தும் பர்கூரிலிருந்தும் ராயக்கோட்டையிலிருந்தும் கம்பெனி பஸ் ஏறுகிற தம்பி தங்கைகள், முக்கியமாக முதல் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, நிற்காத வாந்தி என்றால் இதைப் படிக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். லீவு விஷயத்தை வீட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

படி 1: நன்றாக இருக்கும்போதே மூன்று நம்பர் எழுதி வையுங்கள்

ஷிப்ட் இன்சார்ஜ், டைம் ஆபீஸ் (வருகைக் கணக்கு வைக்கிற ஆபீஸ்), உங்கள் லைனில் உங்களோடு நிற்கிற ஒரு ஆள். இந்த மூன்றும் உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது. வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பின்னால் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். 104 டிகிரியில் கிடக்கும்போது அம்மாவோ தம்பியோதான் போன் செய்ய வேண்டியிருக்கும். அவர்களுக்கு உங்கள் போன் லாக் தெரியாது.

பலர் டைம் ஆபீஸ் நம்பரை வாங்கி வைப்பதே இல்லை. ஆனால் உற்பத்திப் பகுதிக்குள் பல கம்பெனிகளில் போன் எடுத்துப் போக விடமாட்டார்கள். சூப்பர்வைசரின் போனும் லாக்கரில்தான் கிடக்கும். நீங்கள் பத்து முறை அடித்தாலும் அது லாக்கருக்குள்தான் அடிக்கும். டைம் ஆபீஸ் லேண்ட்லைனை எடுக்க எப்போதும் ஒரு ஆள் இருப்பார். கூடவே உங்கள் டோக்கன் நம்பரும் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும். பெயரைச் சொன்னால் அதே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள்.

படி 2: எப்போது சொல்வது

ஷிப்ட் ஆரம்பிக்கும் நேரத்தைப் பார்க்காதீர்கள், பஸ் கிளம்பும் நேரத்தைப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். ஆறு மணி ஷிப்டுக்கு நாலரைக்கெல்லாம் பஸ் ரவுண்டானாவைத் தாண்டிவிடும். தருமபுரிப் பக்கம் என்றால் இன்னும் முன்னால். அந்தப் பஸ்ஸில் நீங்கள் இல்லை என்பது இன்சார்ஜுக்கு ஆறு மணிக்குத் தெரிந்தால் அவருக்கு ஒரு வழியும் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கே தெரிந்தால், நைட் ஷிப்டில் இருக்கிற ஒருவரை ஓவர்டைமுக்கு (ஓ.டி.) நிற்கச் சொல்லலாம், வேறு லைனிலிருந்து ஆள் இழுக்கலாம்.

அதனால் சாயங்காலமே உடம்பு ஒரு மாதிரி இருந்தால், அப்போதே ஒரு தகவல்: ‘சார், காய்ச்சலாக இருக்கிறது, காலையில் வர முடியுமா என்று தெரியவில்லை, நாலு மணிக்குள் உறுதியாகச் சொல்கிறேன்.’ எங்கள் இன்சார்ஜ் ஒருவர் பின்னாளில் என்னிடம் சொன்னார், இந்த ஒரு முன்தகவல்தான் தனக்குப் பெரிய உதவி என்று. காலையில் சரியாகிப் போய்விட்டால் போங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 3: முதலில் போன், அப்புறம் எழுத்து

என் அனுபவத்தில் இந்த வரிசைதான் சரி. முதலில் பேசுங்கள். எடுக்கவில்லை என்றால் டைம் ஆபீஸுக்கு அடியுங்கள். பேசி முடித்ததும் அதே விஷயத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். நெட் இல்லாத கிராமம் என்றால் சாதாரண எஸ்.எம்.எஸ். போதும்.

வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம். மெஷின் சத்தத்தில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மெமோவுக்குப் பதில் எழுதும்போது அதைக் காகிதத்தில் காட்டவும் முடியாது. லைன் குரூப்பில் மட்டும் போடுவதும் வேண்டாம். குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் அது மேலே போய்விடும்.

எழுத வேண்டியது இவ்வளவுதான் (இதில் வரும் இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, படி 5-இல் விவரம்):

‘வணக்கம் சார். டோக்கன் எண் இது, இந்த லைன். நேற்று இரவு முதல் காய்ச்சல். இன்று காலை ஷிப்டுக்கு வர இயலவில்லை. காலை இ.எஸ்.ஐ. டாக்டரைப் பார்க்கிறேன். டாக்டர் சொல்வதை மதியம் தெரிவிக்கிறேன். டைம் ஆபீஸுக்கும் சொல்லிவிட்டேன்.’

மன்னிப்புக் கேட்டு அரைப் பக்கம் எழுத வேண்டாம். எத்தனை முறை வாந்தி எடுத்தோம் என்பதும் வேண்டாம். தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை: மாதவிடாய் வலி என்றால் அதை ஆண் சூப்பர்வைசரிடம் விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘உடம்பு சரியில்லை, நிற்க முடியவில்லை’ என்பதே முழுக் காரணம்.

பொய்க் காரணமும் வேண்டாம். காய்ச்சலுக்குக் காய்ச்சல் என்றே சொல்லுங்கள். தாத்தா இறந்துவிட்டார் என்று சொன்னவன் நிஜமாகவே தாத்தா இறந்த அன்று எவ்வளவு தவித்தான் என்பதை என் அறைத் தோழனிடம் பார்த்திருக்கிறேன்.

படி 4: எதிர்முனையில் என்ன பதில் வரும்

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இங்கேதான் உடைந்துபோகிறார்கள். போனை வைத்ததும் எழுந்து குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே பஸ் ஏறியவர்களை எனக்குத் தெரியும். நானும் ஏறியிருக்கிறேன்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் இன்சார்ஜின் கையில் ஒரு லிஸ்ட் இருக்கிறது. லைனில் பதினான்கு இடம், வந்தவர் பன்னிரண்டு பேர். மணிக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு மட்டும் குறையாது. காலை மீட்டிங்கில் அவரை நிற்க வைத்துக் கேட்பார்கள். அந்த அழுத்தம்தான் முதல் வார்த்தையாக வெளியே வருகிறது. அது உங்கள் மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்காக உடம்பைக் கொடுக்கவும் செய்யாதீர்கள்.

‘வேற ஆள் நீயே சொல்லு’ என்பார்கள். தெரிந்த ஒருவரைக் கேட்டுப் பார்க்கலாம், அது உதவி. ஆள் பிடிப்பது உங்கள் பொறுப்பு இல்லை. ‘எனக்குத் தெரிந்தவரிடம் கேட்டேன் சார், அவரால் முடியவில்லை’ என்று சொல்லி நிறுத்துங்கள்.

‘வந்து முகத்தைக் காட்டிட்டுப் போ’ என்பார்கள். 50 கிலோமீட்டர் காய்ச்சலோடு போய் முகம் காட்டுவதில் யாருக்கும் பயன் இல்லை. பிரஸ் மெஷினிலோ கட்டிங்கிலோ வேலை என்றால் தலைசுற்றலோடு நிற்பது விரலுக்கு ஆபத்து. இதைத் தயங்காமல் சொல்லுங்கள்: ‘மெஷினில் நிற்கிற நிலையில் நான் இல்லை சார்.’ இந்த வாக்கியத்துக்குப் பிறகு என்னை யாரும் வற்புறுத்தியதில்லை. அடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவரும்தான்.

‘போன வாரமும் லீவு போட்டியே?’ என்றால் வாதாடாதீர்கள். ‘ஆமாம் சார், டாக்டர் சீட்டு கொண்டு வருகிறேன்’ போதும்.

ஒன்றும் சொல்லாமல் ‘ம்’ என்று வைத்துவிடுவார்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பயமாக இருந்தது. அது சம்மதமா இல்லையா என்று நாள் முழுக்க யோசித்துக் கிடப்போம். மதியம் ஒரு தகவல் அனுப்புங்கள்: ‘டாக்டர் மூன்று நாள் ஓய்வு சொல்லியிருக்கிறார். வியாழன் முதல் ஷிப்டுக்கு வருவேன்.’ சீட்டைப் போட்டோ எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். திரும்பி வரும் நாள் தெரிந்தால் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

பெங்களூரிலிருந்து வரும் மேனேஜர்கள் சிலருக்குத் தமிழ் அவ்வளவு வராது. ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருப்பார். தெரிந்தவரை வைத்துப் பேசுங்கள், எழுத்துத் தகவலைத் தமிழிலேயே கூட அனுப்பலாம். மொழி தெரியாத பயத்தில் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

படி 5: முதல் நாளே இ.எஸ்.ஐ. டாக்டர்

நான் பணம் இழந்தது இங்கே. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. மருந்துக்கு மட்டும் அந்தப் பணம் என்று நான் நினைத்திருந்தேன். உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போகாத நாளுக்குச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை வங்கிக் கணக்கிலேயே தருகிறார்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்கு உங்கள் பங்களிப்பு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. சேர்ந்த உடனே கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

இப்போது நான் செய்த தவறு. ஊரிலேயே ஒரு தனியார் கிளினிக்கில் ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு இருந்தேன். மெமோ வந்த பிறகு, ஆறாம் நாள்தான் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் அன்று முதல்தான் சான்றிதழ் கொடுத்தார். கடந்துபோன ஐந்து நாளைச் சேர்த்து எழுத மாட்டேன் என்றார். அவர் சொன்னது சரி, பார்க்காத நாளுக்கு அவர் எப்படிச் சான்று தருவார்?

மொத்தம் பதினொரு நாள் படுத்திருந்தேன். என் தினக்கூலி 600 ரூபாய், 70 சதவீதம் 420. எந்த நோயிலும் முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாள், அதற்குப் பணம் இல்லை. முந்தைய பலன் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. முதல் நாளே போயிருந்தால் ஒன்பது நாளுக்கு 3,780 ரூபாய். எனக்குக் கிடைத்தது ஆறு நாளில் இரண்டு கழித்து, நாலு நாளுக்கு 1,680. மிச்சம் 2,100 ரூபாய் என் அலட்சியத்தால் போனது. வீட்டில் அந்த மாதம் மளிகைக்குக் கடன் சொன்னோம்.

தனியார் டாக்டர் சீட்டை வைத்தும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம், அது பரிசீலனைக்குப் போய் நாளாகும். அதனால் வைத்தியம் எங்கே வேண்டுமானாலும் தொடருங்கள், முதல் நாள் ஒரு முறை இ.எஸ்.ஐ. டாக்டர் முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். முதல் சான்றிதழ், நாள் நீண்டால் இடைச் சான்றிதழ், வேலைக்குத் திரும்பும்போது இறுதிச் சான்றிதழ். மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

உங்கள் மருந்தகம் ஓசூரில் பதிவாகி, நீங்கள் காரிமங்கலத்தில் இருந்தால் காய்ச்சலோடு போக முடியாது. வீட்டுக்குக் கிட்டே உள்ளதற்கு மாற்றிக்கொள்ளலாம். கம்பெனி எச்.ஆரிடம் கேளுங்கள், உடம்பு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள்.

ஒரே நாளுக்குக் கம்பெனி சம்பளத்தோடு லீவும் இ.எஸ்.ஐ. பணமும் சேர்ந்து வராது. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் கம்பெனி லீவைப் போடுங்கள். அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் இ.எஸ்.ஐ. வழியே நல்லது.

படி 6: திரும்பிப் போகும் நாள்

இறுதிச் சான்றிதழை டைம் ஆபீஸில் கொடுத்து, நகலில் கையெழுத்தோ சீலோ வாங்குங்கள். அப்புறம் இன்சார்ஜிடம் போய் நேரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் இடத்தில் ஓ.டி. நின்றவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

மெமோ வந்திருந்தால் கோபத்தில் கிழிக்காதீர்கள். தேதி, நேரம், யாரிடம் சொன்னீர்கள், எந்தச் சான்றிதழ் என்று நாலு வரியில் பதில் எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் தொடர்ந்து வராதவர் மேல் நடவடிக்கை எடுக்க கம்பெனி நிலையாணையில் (கம்பெனியின் வேலை விதிகளில்) இத்தனை நாள் என்று ஒரு கணக்கு இருக்கும். உங்கள் கம்பெனியில் அது எத்தனை என்று நோட்டீஸ் போர்டில் பாருங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டுக் கீழே கமெண்டில் சிலர் கேட்டதற்குப் பதில். தருமபுரியில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிற தம்பிக்கு: 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் நோய்க்கு வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு லீவு இருக்கிறது, கேஷுவல் லீவு 12 நாள் தனி. முதலாளியிடம் கேட்கும்போது சட்டத்தை முன்னால் வைக்காமல் சீட்டை முன்னால் வையுங்கள். மறுத்தால் அப்புறம் சட்டத்தைச் சொல்லலாம்.

ஹாஸ்டலில் தங்கியிருக்கிற தங்கைக்கு: வார்டன் சொல்லிக்கொள்வார் என்று விடாதீர்கள். வார்டன் சொல்வது ஹாஸ்டல் கணக்குக்கு. லைனுக்கு நீங்களே தனியாக அனுப்புங்கள்.

கான்ட்ராக்டர் மூலம் வேலைக்குப் போகிறவர்கள் மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள். லைன் சூப்பர்வைசரிடம் சொன்னார்களாம், கான்ட்ராக்டர் சம்பளத்தில் பிடித்தாராம். உங்கள் வருகைக் கணக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது, இருவருக்கும் தகவல் போக வேண்டும். ஒரே செய்தியை இரண்டு பேருக்கும் ஒரே நிமிடத்தில் அனுப்புங்கள். உங்கள் இ.எஸ்.ஐ. எண் கான்ட்ராக்டர் பெயரில் ஓடுகிறதா, மாதாமாதம் பணம் கட்டுகிறாரா என்பதையும் அந்த எண்ணை வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்தில் இந்த வாரமே பாருங்கள். ஒருவருக்கு நாலு மாதமாகக் கட்டவே இல்லை என்று அப்படித்தான் தெரிந்தது. அவர் இப்போது கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறார். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.