பிள்ளைத்தாச்சிக்கு எந்த மீன், எவ்வளவு?

முதலில் ஒன்று, மீனை நிறுத்தாதீர்கள். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் பயத்தில் மீனையே விட்டுவிடுகிற தங்கச்சிமாரைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது, பிள்ளையின் மூளையும் கண்ணும் வளரத் தேவையான ஒமேகா 3 கொழுப்பு நம் சாப்பாட்டில் மீனில்தான் நன்றாகக் கிடைக்கிறது. கிழமைக்கு இரண்டு மூன்று தரமாக மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடுங்கள்.

பயப்பட வேண்டியது பாதரசத்துக்கு. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது பெரியதின் சதையில் சேர்ந்துகொண்டே போகும், அதைச் சாப்பிட்டால் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போய் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம். கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால் சுறா, தளபத்து, வாள்மீன் மூன்றும் இப்போது வேண்டாம். பெரிய அறக்குளாவையும் குறையுங்கள். பால் சுரக்கும் என்று அம்மம்மா சுறா வறை செய்து தர நிற்பார், அவரோடு சண்டை வேண்டாம், அதே மசாலாச் சரக்கை அரைத்து ஓரா மீனில் பத்தியக்கறி வைக்கச் சொல்லுங்கள். ஓரா பாசி தின்கிற மீன், பாதரசம் குறைவு.

நெத்தலி, சூடை, கீரி, கும்பளா எல்லாம் தாராளமாக வாங்கலாம். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிற நேரம் போனால் துடிக்கத் துடிக்கக் கிடைக்கும். சந்தையில் வாங்கினால் செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருக்க வேண்டும், அமர்த்தினால் சதை மேலே வர வேண்டும். சூரை, கெலவல்லா கிழமைக்கு ஒரு தரம் போதும், அதுவும் ஐஸில் கிடந்ததாக இருந்தால் மட்டும். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்கிற நச்சுப்பொருள் உண்டாகும், எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது, முகம் சிவந்து தலையிடியும் வாந்தியும் வரும்.

இறால், நண்டு, கணவாய் கிரந்தி, அதாவது உடம்பில் சொறி தடிப்பு வரும் என்று தடுப்பார்கள். ஒவ்வாமை இல்லையென்றால் சாப்பிடலாம், மூன்றிலும் பாதரசம் குறைவுதான், ஆனால் நன்றாக வேக வேண்டும். அவித்த பிறகும் வாய் திறக்காத மட்டியை எறிந்துவிடுங்கள். ஹோட்டல்களில் கிடைக்கும் பச்சை மீன், சுஷி வேண்டவே வேண்டாம். கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர் இருப்பவர்கள் தள்ளி வையுங்கள். அப்புறம், மிஞ்சிய மீன்கறியை இரண்டு மணித்தியாலத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குங்கள்.

தெரியாமல் ஓரிரு தரம் சுறா சாப்பிட்டிருந்தால் பதற வேண்டாம். இனி விட்டுவிட்டு, அடுத்த கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லுங்கள்.