டிவியில் சிம்பொனி கேட்கப் போகிறீர்களா? முதலில் அந்த 'ஆட்டோ'வை அணையுங்கள்

மூன்று வாரமாக என் வீட்டில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் யாரையும் திடுக்கிட வைக்கவில்லை. அவருடைய 94ஆம் சிம்பொனிக்கு 'சர்ப்ரைஸ்' என்றே பெயர். 1792இல் லண்டனில் முதன்முதலாக வாசித்தார்கள். இரண்டாம் பகுதியில் குழந்தைப் பாட்டு போல ஒரு மெட்டு மெதுவாக வரும், மறுபடியும் இன்னும் மெதுவாக வரும், அப்புறம் டிம்பனி என்ற அண்டா மாதிரிப் பெரிய மேளத்தோடு மொத்தக் குழுவும் சேர்ந்து ஒரே அடி. கும்பகோணத்தில் எங்கள் கூடத்தில் அந்த அடி விழுந்தபோது அத்தை வெற்றிலை மடிப்பதைக்கூட நிறுத்தவில்லை.

கோளாறு டிவியில்தான் இருந்தது. நான் எப்படிச் சரிசெய்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். டிவியை இணையத்தில் இணைப்பது, யூடியூப் திறப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. டிவியின் சொந்த ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள்

தட்டை டிவிகளில் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ பின்னால் சுவரைப் பார்த்தோதான் இருக்கும். செய்திக்குப் போதும். டபுள் பாஸ் என்ற ஆளுயர வாத்தியத்தை எட்டுப் பேர் வாசிப்பதைக் காட்ட அதால் முடியாது. சவுண்ட்பார் வாங்கலாமா என்று கேட்பீர்கள். என் கருத்து: வேண்டாம். அதே காசுக்குப் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் கிடைத்தால் அதுவே மேல். என்னிடம் அப்பா காலத்து ஆம்ப் பரணில் கிடந்தது. தூசி தட்டி, வால்யூம் திருகியில் கான்டாக்ட் கிளீனர் அடித்ததோடு சரி.

ஸ்பீக்கர்கள் இரண்டும் நீங்களும் ஒரு முக்கோணமாக இருக்க வேண்டும், மூன்று பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளம். ஒன்றை ஷோகேஸ் மேலும் இன்னொன்றைத் தரையிலும் வைத்தால் வயலின்கள் கூரையிலிருந்து வாசிக்கும்.

2. டிவியிலிருந்து ஆம்புக்கு (நான் மாட்டிக்கொண்ட இடம்)

பழைய ஆம்பில் சிவப்பு வெள்ளைத் துளைகள்தான் இருக்கும். புது டிவியில் பெரும்பாலும் ஒலியை வெளிச்சமாக அனுப்பும் ஆப்டிகல் துளை இருக்கும். இடையில் டிஏசி என்ற சின்னப் பெட்டி வேண்டும். டிஜிட்டல் ஒலியை வாங்கி ஆம்புக்குப் புரிகிற ஒலியாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை.

எல்லாம் மாட்டினேன். யூடியூபில் பாட்டு வந்தது. ப்ளூரே தட்டைப் போட்டேன், சத்தமே இல்லை. சில இடங்களில் 'ஸ்ஸ்ர்ர்' என்று அடுப்பில் தண்ணீர் சிந்தியது போல. கடைக்காரர் டிஏசியை மாற்றிக் கொடுத்தார், அதிலும் அதே கதை. கேபிளை மாற்றினேன். ஆம்பைத் திறந்துகூடப் பார்த்துவிட்டேன்.

கடைசியில் விஷயம் இவ்வளவுதான். டிவி செட்டிங்ஸில் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்' என்று ஒன்று இருக்கும். அது 'ஆட்டோ'வில் இருந்தால், தட்டில் டால்பி ஒலி வரும்போது டிவி அதைப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே அனுப்பிவிடும். மலிவான டிஏசிக்கு அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாது. அதை பிசிஎம், அதாவது பொட்டலம் கட்டாத டிஜிட்டல் ஒலி, என்று மாற்றுங்கள். ப்ளூரே பிளேயரிலும் இதே அமைப்பு இருக்கும், அங்கேயும் மாற்ற வேண்டும். நான் டிவியில் மட்டும் மாற்றிவிட்டு இன்னும் இரண்டு நாள் தலையைச் சொறிந்தேன்.

இன்னொன்று: கச்சேரித் தட்டுகளில் பெரும்பாலும் இரண்டு ஒலித்தடங்கள் இருக்கும், ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒன்று, இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோ ஒன்று. நம்மிடம் இருப்பது இரண்டே பெட்டி. மெனுவில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள்.

*பின்சேர்க்கை:* மன்னார்குடி வாசகர் ஒருவர், எல்லாம் செய்தும் சத்தம் வரவில்லை என்று எழுதினார். ஆப்டிகல் கேபிளின் இரு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமலே செருகியிருந்தார். டிவி ஓடும்போது மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

3. ஹைடன் பரீட்சை

இப்போதுதான் அத்தை விஷயம். 'ஆட்டோ வால்யூம்', 'நைட் மோட்', 'வால்யூம் லெவலர்' என்று ஒவ்வொரு டிவியிலும் ஒரு பெயரில் இது ஒளிந்திருக்கும். சீரியலை விட விளம்பரம் அலறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. மெதுவான ஒலியைத் தூக்கும், பெரிய ஒலியை அமுக்கும். சிம்பொனியின் உயிரே அந்த ஏற்ற இறக்கம்தான். பீத்தோவனின் ஐந்தாவதில் மூன்றாம் பகுதி முடியாமலே நான்காம் பகுதிக்குள் நுழையும். டிம்பனி மெதுவாக இதயத் துடிப்பு போலத் தட்டிக்கொண்டிருக்க, திடீரென்று பித்தளை வாத்தியங்கள் வெடிக்கும். மூன்று பகுதி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த டிராம்போன்காரர்கள் அங்கேதான் முதன்முதலாக வாயில் வைப்பார்கள். படமாகப் பார்ப்பதன் லாபமே இது. ஆட்டோ வால்யூம் இருந்தால் அந்த நுழைவு தவில் வாசிக்கிறவர் கையில் தலையணையைக் கொடுத்தது போல ஆகிவிடும்.

அணைத்துவிட்டு ஹைடனின் இரண்டாம் பகுதியைப் போடுங்கள். முதல் மெட்டு காதில் லேசாக விழும் அளவுக்கு வால்யூம் வைத்து, அப்புறம் ரிமோட்டைத் தொடாதீர்கள். வீட்டில் யாராவது "என்னடா அது!" என்று கேட்டால் நீங்கள் பாஸ்.

4. வில்லும் சத்தமும் சேர வேண்டும்

புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். டிம்பனியில் குச்சி பட்டு, மேலே தூக்கிய பிறகுதான் சத்தம் வரும். வயர் போட்டும் முன்பின் இருந்தால் டிவியின் ஆடியோ டிலே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். வயலினை வைத்துச் சோதிக்காதீர்கள், டிம்பனிதான் சரியான அளவுகோல்.

எதைப் பார்ப்பது?

காசில்லாமல் என்றால் யூடியூபில் பிராங்பர்ட் வானொலியின் எச்ஆர் சிம்பொனி குழு. முழுக் கச்சேரிகள், நல்ல ஒலி. பெர்லின் பில்ஹார்மோனிக்கின் டிஜிட்டல் கான்சர்ட் ஹாலுக்குச் சந்தா கட்ட வேண்டும். ஒரு மாதம் கட்டிப் பாருங்கள். மாலர் என்ற இசையமைப்பாளரை இப்போது தொடாதீர்கள். ஹைடன், பீத்தோவன் 5, 7, ராவெலின் பொலேரோ போதும். பகுதிக்குப் பகுதி அரங்கில் யாரும் கைதட்டமாட்டார்கள், டிவி நின்றுவிட்டது என்று பதற வேண்டாம்.

"நமக்கு எதற்கு இது" என்கிறவர்களுக்கு: திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதியிருக்கிறார். நோட்டுஸ்வரம் என்று அவற்றுக்குப் பெயர். இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டுக்கே ஒன்று உண்டு.

கேள்விகள் வந்ததால்

"டபுள் பாஸ் இடது பக்கம் கேட்கிறது, வயரை மாற்றிச் செருகிவிட்டேனா?" இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சில குழுக்கள் இரண்டாம் வயலின்களை வலப்பக்கம் உட்காரவைத்து, பாஸை இடப்பக்கம் தள்ளிவிடுவார்கள். வியன்னாவின் தங்க அரங்கில் பாஸ் கடைசி வரிசையில் நிற்கும். முதல் வயலின்களை வைத்துப் பாருங்கள், அவை இடதில் கேட்க வேண்டும்.

மாயவரத்திலிருந்து ஒருவர்: கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஸ்பீக்கரில் 'உய்ய்' என்கிறதாம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். ஆம்பை அணைத்துவிட்டுக் கரண்டு வரும்வரை காத்திருங்கள், அல்லது சைன் வேவ் வாங்குங்கள்.

மின்விசிறிச் சத்தத்துக்கு என்னிடம் வழி இல்லை. நான் மார்கழி, தை மாதங்களில் இரவு பத்து மணிக்கு மேல் கேட்கிறேன். விடிகாலையில் முயலாதீர்கள், கோயில் ஒலிபெருக்கியை எந்த ஆம்பாலும் ஜெயிக்க முடியாது.