பழைய பறவைப் படம் அசலா, நகலா? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

பழைய பொருள் கடையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் கழுத்தை வளைத்து நின்றது ஒரு பூநாரை. தாள் ஓரமெல்லாம் பழுப்பு. "நூற்றைம்பது வருஷத்துப் படம் சார்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் இறகெல்லாம் புள்ளி. ஏதோ பழைய காலண்டர் தாள்! கொடுத்த காசுக்குக் கற்றுக்கொண்ட பாடம் இது.

அந்தப் பூநாரையின் அசல், அமெரிக்கப் பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபனின் 'அமெரிக்காவின் பறவைகள்' தொகுப்பில் 431ஆம் படம். 1827 முதல் 1838 வரை வெளிவந்த மொத்தம் 435 படங்களில் பெரும்பாலானவை லண்டனில் ராபர்ட் ஹாவெல் பட்டறையில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்தவை. நிறம் முழுக்கக் கையால் தீட்டியது. ஆடுபன் பறவைகளை நிஜ அளவிலேயே வரைந்தார். உயரமான பறவைகள் தாளுக்குள் அடங்கக் குனிந்தே ஆகவேண்டும். நகல்கள் ஏராளம் என்பதால் பழகுவதற்கு இதுவே நல்ல உதாரணம்.

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் (நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அது), மொபைல் டார்ச், அளவு நாடா போதும். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்கச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

முதலில் பறவையைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். மை தடவிய தகட்டின் மேல் ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தும்போது, தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதியும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் அந்தக் கோடு தெரியும். பின்பக்கம் விரலால் தடவினாலும் தட்டுப்படும். ஓரத்தை வெட்டியிருந்தால் இந்தத் தடம் போயிருக்கும். சில நகல்களில் வேண்டுமென்றே அழுத்தி உண்டாக்கியும் இருப்பார்கள். எனவே இதோடு நிறுத்தாதீர்கள்.

அடுத்தது லென்ஸ். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். இன்றைய காலண்டர், புத்தகங்களை அடிக்கும் ஆஃப்செட் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் கோலப்புள்ளி போல ஒழுங்காக நிற்கும். செப்புத்தகட்டுப் படத்தில் இருப்பது கோடு. நடுவில் தடித்து நுனியில் மெலியும். ஹாவெல் நிழலுக்கு அமிலம் கொண்டு தகட்டை அரித்த இடங்களில் மட்டும், காய்ந்த ஏரிச் சேற்றின் வெடிப்பு போல ஒழுங்கில்லாத பொடி தெரியும். அதைப் புள்ளி என்று நினைத்து அசலை ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்புறம் நிறம். அலகின் விளிம்பையும் கால் விரல்களையும் பாருங்கள். கையால் தீட்டியதென்றால் எங்காவது வண்ணம் கறுப்புக் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், அல்லது எட்டாமல் நின்றிருக்கும். இந்தச் சின்னப் பிசகைப் பார்த்தால் எனக்குத் தனி சந்தோஷம்.

தாளை, ரூபாய் நோட்டைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடியுங்கள். ஹாவெல் தாளில் 'ஜே வாட்மன்' என்ற தாள் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் நீர்க்குறியாகத் தெரியவேண்டும். வெட்டாத முழுத்தாள் ஏறக்குறைய 39 அங்குலத்துக்கு 26 அங்குலம் இருக்கும். அளவை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்: 1971-72இல் ஆம்ஸ்டர்டாமில் அதே அளவில் ஆஃப்செட் பதிப்பு வந்திருக்கிறது. படத்தின் அடியில் இருக்கும் எழுத்தும் சாட்சியாகாது, நகலிலும் அதே எழுத்து இருக்கும்.

சிறிய படம் கிடைத்து, தகட்டுத் தடம் இல்லையென்றால் உடனே தள்ளிவிடாதீர்கள். 1840 முதல் 1844 வரை ஃபிலடெல்ஃபியாவில் ஜே. டி. போவன் கல்லச்சில் (கல்லின் மேல் வரைந்து அச்செடுக்கும் முறை) எடுத்த, இதே தொகுப்பின் சிறிய பதிப்பாக இருக்கலாம். கல்லச்சில் தகட்டுப் பள்ளம் விழாது; நிறம் மட்டும் இங்கும் கைவேலைதான். புதிதாகச் சேர்ப்பவர்கள் இதிலிருந்து தொடங்குவது என் கணக்கில் சரி, பெரிய பதிப்பின் விலை நமக்கெல்லாம் கட்டாது.

அசல் என்று தெரிந்ததும் ஈரத்துணி எடுத்து அழுக்கைத் துடைக்கக் கை பரபரக்கும். வேண்டாம். நீர்வண்ணம் துணியோடு வந்துவிடும்.