"நேரம் போனதே தெரியவில்லை" என்பது அனுபவமா? தியானம் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டில் ஞாயிறு விடியற்காலையில் எங்களோடு அமர வரும் புதியவர்கள் கண் திறந்தவுடன், "ஐயா, 40 நிமிடம் போனதே தெரியவில்லை, இதுதான் துரியமா?" என்று, அதாவது விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் மூன்றையும் கடந்த நான்காம் நிலையா என்று, கேட்கும்போதெல்லாம், இதே மலையில் முன்பு நான் சொல்லித் திரிந்த அபத்தம் நினைவுக்கு வந்து கூசுகிறது. முதுகு வளைவதும் கால் மரத்துப்போவதும் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நினைவில் இல்லாததை அனுபவம் என்று அறிவித்தல்

காப்பித் தோட்டத்து வீடொன்றின் திண்ணையில் ஒரு விடியலில் எனக்கு இப்படித்தான் நேரம் காணாமல் போயிற்று. அதைச் சமாதி என்று நம்பி, மீண்டும் வரவழைப்பதையே 3 ஆண்டுகள் பயிற்சியாக வைத்திருந்தேன். பின்னர் சேலத்தில் மூளை அலைப்பதிவு எடுக்கும் நண்பர் ஒருவர், என் தலையில் பசை தடவி மின்முனைகளை ஒட்டி அமரச் சொன்னார். கண்ணை மூடியதும் எழுந்த, தளர்ந்த விழிப்புக்கு உரிய ஆல்ஃபா அலைகள் சில நிமிடங்களில் கரைந்து, நடுவில் தடித்து இருபுறமும் மெலிந்த, நொடிக்கு 12 முதல் 14 அதிர்வுகள் கொண்ட சிறு கொத்துகள் தோன்றின. 'ஸ்லீப் ஸ்பிண்டில்' எனப்படும் அவை தூக்கத்தின் இரண்டாம் நிலைக்கு உரியவை. "அண்ணா, நல்லாத் தூங்கியிருக்கறீங்க" என்றார். சால்வையில் எச்சில் ஈரம் இருந்தது.

'சுகமாய்த் தூங்கினேன், ஒன்றும் அறிந்திலேன்' என்று எழுந்தபின் சொல்கிறோமே, அனுபவிக்காததை எப்படி நினைவுகூர முடியும் என்று கேட்டு, ஆழ்ந்த உறக்கத்திலும் சாட்சியாகிய அறிவு உண்டு என்பர், ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்னும் அத்வைதிகள். அது நினைவே அன்று, விழித்தபின் செய்யும் அனுமானம் என்பர், தர்க்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாயத் தத்துவத்தாரான நையாயிகர்கள். அத்வைதிகளின் பக்கமே நின்றாலும் எனக்கு ஆறுதல் இல்லை: அந்தச் சாட்சி எல்லாருடைய தூக்கத்திலும் உண்டு, மாண்டூக்கிய உபநிடதமோ ஆழ்ந்த உறக்கத்தை மூன்றாவதாகவும் துரியத்தை நான்காவதாகவும் பிரித்தே வைத்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போதும்தான் நேரம் காணாமல் போகிறது. எண்ணமோ உருவமோ இல்லாமல் விழிப்பு மட்டும் நின்றது என்று சிலர் சொல்வது வேறு வகை. அங்கே அறிபவன், அறியப்படுவது என்ற பிரிவே இல்லையென்றால் அது யாருடைய அனுபவம் என்று தத்துவத்தில் வாதிடலாம். தூங்கி எழுந்தவனுக்கு அந்த வாதத்தில் இடமே இல்லை.

ஸ்கேன் படத்தைச் சான்றிதழாக்குதல்

நீண்ட காலம் பழகியவர்கள் தியானிக்கும்போது, தன்னைப் பற்றிய எண்ணவோட்டத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைவதை 2011இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜட்சன் ப்ரூவர் குழுவினர் காட்டினர். ஆனால் அதற்குப் பயன்பட்ட எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற மூளை ஸ்கேன் அளப்பது இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை. உள்ளே எப்படி இருந்தது என்பதைக் கருவிக்குள் படுத்திருந்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

'எல்லாம் மூளைதான்' என்று முடித்துவிடுதல்

சேலத்து மல்கோவாவைச் சுவைக்கும்போதும்தான் மூளை மாறுகிறது. அதனால் சுவையே இல்லை என்றாகிவிடுமா?

உடனே பெயர் சூட்டுதல்

கண் திறந்து 10 நிமிடமாவது பேசாதீர்கள். 'துரியம்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், மறுநாள் நினைவில் மிஞ்சியிருப்பது அந்தச் சொல் மட்டும்தான்.